வாய் சொன்னது, கை கேட்கவில்லை

எழுபதுகளின் கடைசியில் நான் போடிநாயக்கனூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். அதற்கு முந்தைய வருடம் மதுரையில் தங்கி ஒரு பயிற்சி முடித்திருந்தேன். படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு அது ஏன் ஏறவில்லை என்று சோதித்துப் பார்க்கும் பயிற்சி. எங்கள் வீட்டில் அதை யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. "டாக்டர் படிப்பா?" என்று பெரியப்பா கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வாத்தியார் படிப்பா?" அதைத்தான் ஏற்கெனவே முடித்துவிட்டேனே என்றேன். "ரெண்டும் இல்லாம நடுவுல ஒண்ணாக்கும்" என்று சொல்லிவிட்டுக் களத்துக்கு நெல் அளக்கக் கிளம்பிவிட்டார்.

பள்ளிக்கூடத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். மதுரையிலிருந்து ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்திருந்தேன். அதில் படங்கள், மரக்கட்டைகள், பாசிமணிகள், இரண்டு மூன்று வகையான சோதனைத் தாள்கள். எங்கள் தலைமையாசிரியர் அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லாருக்கும்மா. மொதல்ல மூணாங் கிளாசுக்கு வாய்ப்பாட்ட முடிங்க" என்றார். பெட்டி பீரோவின் மேல் ஏறிவிட்டது. நானும் அதை மறந்து வாய்ப்பாட்டில் மூழ்கிவிட்டேன்.

ஐந்தாம் வகுப்பு தலைமையாசிரியரின் வகுப்பு. அங்கிருந்துதான் ஒரு நாள் மத்தியானம் அவர் ஒரு பெண்பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"இவளைக் கொஞ்சம் பாருங்கம்மா. எனக்கு ஒண்ணுமே புரியல. முட்டாளா இருந்தா விட்டுரலாம். இவ முட்டாள் இல்ல. அதான் கோவம் கோவமா வருது."

அவளுக்குப் பத்து வயதிருக்கும். ஒரு சடையில் ரிப்பன் இருந்தது, மற்றதில் இல்லை. பாவாடை முழுக்க மை. ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு அது இரண்டாம் வருடம். அம்மாவும் அப்பாவும் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் இருந்தார்கள். அம்மாவுக்குக் காய் எடுக்கும் வேலை. அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது பச்சைக்காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டிடத்தில், அடுப்புப் பார்க்கும் வேலை. மேலே நல்ல பள்ளிக்கூடம் இல்லையென்று மகளைப் போடியில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அத்தைக்குக் கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஏலக்காய் வியாபாரிகள் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் தரம் பார்த்துக் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். வாயாடி என்றால் அவள்தான். இடைவேளையில் வேப்பமரத்தடியில் அவளைச் சுற்றி எப்போதும் ஒரு கும்பல் இருக்கும். மலைரோட்டில் ஜீப்பு எப்படிப் பின்னோக்கி உருண்டது, டிரைவர் குதித்தாரா குதிக்கவில்லையா, உள்ளே இருந்த கோழிக்கூடை என்ன ஆனது என்று அவள் சொல்ல ஆரம்பித்தால் மணி அடித்ததுகூடப் பிள்ளைகளுக்குக் கேட்காது. ஆனால் அவள் சிலேட்டிலும் நோட்டிலும் எதுவும் முழுதாக இருக்காது. கணக்குப் பாதியில் நிற்கும். வீட்டுப்பாடம் வராது. பென்சில் ஒரு நாள் இருந்தால் மறுநாள் இருக்காது.

"கழித்தல் எப்பிடிப் போடணும்னு கேளுங்க, கணீர்னு சொல்வா" என்றார் தலைமையாசிரியர். "பக்கத்துல கடன் வாங்கணும், வாங்குனதும் அங்க ஒண்ணு கொறையும், எல்லாம் சொல்வா. சரி போடுன்னு சொன்னா, சின்னதுலருந்து பெருசக் கழிக்க வேண்டிய இடத்துல தலைகீழாப் போட்டுட்டு உக்காந்திருப்பா. கேட்டா சொல்றா, செய்யச் சொன்னா செய்யல. அப்பத் தெரிஞ்சேதான செய்றா? திமிர்தான அது?"

அந்தக் காலத்தில் எங்களிடம் இரண்டே வார்த்தைகள்தான் இருந்தன. மந்தம், திமிர். மந்தமான பிள்ளைக்குக் கொஞ்சம் இரக்கம் கிடைக்கும், பின் பெஞ்சு கிடைக்கும். திமிர் பிடித்த பிள்ளைக்குப் பிரம்பு. நன்றாகப் பேசுகிற பிள்ளை மந்தமாக இருக்க வழியில்லை என்பதால் அவளுக்குப் பிரம்புதான் கிடைத்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் கொடியவரில்லை. அடித்துவிட்டு அன்று முழுக்க டீ குடிக்காமல் இருப்பார். அதனால்தான் என்னிடம் வந்தார்.

பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினேன்.

சனிக்கிழமை காலைகளில், கிழிந்த மேப்புகளும் உடைந்த பெஞ்சுகளும் போட்டுவைத்திருந்த அறையில் உட்கார்ந்தோம். முதல் சனிக்கிழமை பேச்சை மட்டும் பார்த்தேன். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டேன். குடத்தோடு நிற்கும் பெண்ணின் படத்தைக் காட்டியதும், "அந்தச் சேச்சி வெள்ளம் கோரப் போகுது" என்றாள். எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளம் தோட்டத்துப் பிள்ளைகள் வாயில் இப்படிக் கலந்து வரும். மலையில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். போடியில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. வகுப்பில் ஒருமுறை "வெள்ளம் குடிச்சிட்டு வர்றேன் சார்" என்று அவள் சொல்லப்போய் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். என் சோதனைத் தாளின்படி அந்த விடை தப்பு. நான் சரி என்று போட்டேன். அவளுக்கு அந்தப் பொருள் தெரியும், அதற்கு ஒரு சொல்லும் தெரியும். மொழி என்பது வேறென்ன?

வித்தியாசம் சொல்லச் சொல்லும் கேள்விகள் சில இருந்தன. "ஆத்துக்கும் வாய்க்காலுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஆறு தானா வரும் டீச்சர். வாய்க்கா நாம கூப்பிட்டாத்தான் வரும்."

"பொய்க்கும் கதைக்கும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பொய் சொன்னா அடிப்பாங்க. கதை சொன்னா இன்னும் சொல்லும்பாங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்குப் போட்ட மதிப்பெண் அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்த பிள்ளைகளுக்கு உரியது. ஒன்றுதான் உறுத்தியது. ஒரு சின்னக் கதையைச் சொல்லி, அதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். நான் சொன்னதைவிட அழகாகச் சொன்னாள். ஆனால் முடிவிலிருந்து ஆரம்பித்தாள், நடுவுக்குப் போனாள், யாருக்கு என்ன நடந்தது என்று சொல்லவே இல்லை, பிறகு "அய்யோ, அந்தக் கெழவிய விட்டுட்டேனே" என்று மறுபடி முதலுக்கு ஓடினாள். கேட்கிறவர்கள் சுவாரசியத்தில் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நானும் வேப்பமரத்தடியில் கேட்டபோது கவனித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை கையைப் பார்த்தேன்.

"இந்தச் சாக்பீச ஜன்னல்ல வச்சிட்டு, கதவச் சாத்திட்டு, அந்த டஸ்டரக் கொண்டா" என்றேன். மூன்று வேலை. திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிசகாமல் சொன்னாள். சாக்பீசை ஜன்னலில் வைத்தாள். வெளியே யாரோ ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்து நின்றாள். ஆடு தெருமுனை தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன டீச்சர்?" என்றாள்.

பிறகு பென்சில் தட்டும் விளையாட்டு. நான் மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அவள் இரண்டு தட்ட வேண்டும். நான் இரண்டு தட்டினால் அவள் ஒன்று. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளே கொஞ்சம் தடுமாறிவிட்டுப் பிடித்துக்கொள்வார்கள். விதியைச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுச்சா?" என்றேன்.

"நீங்க ஒண்ணுன்னா நான் ரெண்டு. நீங்க ரெண்டுன்னா நான் ஒண்ணு. எல்லாம் எதிர்மாறா."

நான் ஒன்று தட்டினேன். அவளும் ஒன்று தட்டினாள். நான் இரண்டு தட்டினேன். அவளும் இரண்டு. "எப்பிடிச் சொன்னோம்?" என்றேன். மறுபடி விதியைச் சரியாகச் சொன்னாள். மறுபடி என் கையைப் போலவே தட்டினாள். முதலில் சிரித்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அப்போதும் என் கை தட்டியதும் அவள் கை தானாக ஓடிவிட்டது. பென்சிலைப் பெஞ்சில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"தெரியுது டீச்சர். சத்தியமாத் தெரியுது. கை கேக்க மாட்டேங்குது."

மதுரையில் இதைப் பற்றி ஒரு வகுப்பு நடந்திருந்தது. தெரிவது ஒன்று, தெரிந்ததைக் கொண்டு கையை நிறுத்துவதும் நடத்துவதும் வேறொன்று. பேச்சு முந்தி வளர்ந்து இது பிந்தி நிற்கும் பிள்ளைகள் உண்டு என்று சொல்லித்தந்தார்கள். குறிப்பும் எடுத்துக்கொண்டேன். ஆனால் பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் கையையே அந்நியர் கையைப் போலப் பார்ப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. மணிகளை வைத்து இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்லிவிட்டு, நடுவில் நிறுத்தி, இனி அளவு பார்த்துப் பிரி என்று மாற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் செய்தபோது நினைத்தபடியேதான் இருந்தது. வாய் "பெருசு, சிறுசு, பெருசு" என்று சொல்லிக்கொண்டே இருக்க, கை சிவப்பைச் சிவப்போடும் பச்சையைப் பச்சையோடும் சேர்த்துக்கொண்டே போனது.

அதற்கடுத்த புதன்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். கேட்க வேண்டியவை சில இருந்தன. காது நன்றாகக் கேட்கிறதா, குழந்தையில் வலிப்பு, பெரிய காய்ச்சல் ஏதாவது வந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா. அத்தை அப்போதுதான் கிட்டங்கியிலிருந்து வந்திருந்தார். சேலையெல்லாம் ஏலக்காய் வாசம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நோய்நொடி ஒன்றுமில்லை. அப்புறம் அடக்கிவைத்திருந்ததெல்லாம் வந்தது.

"என்னத்தச் சொல்ல டீச்சர்? பால் வாங்கிட்டு வான்னு தூக்குச்சட்டியக் குடுத்து விட்டா, சட்டிய எங்கிட்டோ வச்சிட்டு வெறுங்கைய வீசிட்டு வர்றா. உலையில அரிசியப் போடு ஆத்தான்னா, அரிசியக் களைஞ்சு வச்சிட்டு வாசல்ல போயி யாரோடயோ பேசிட்டு நிக்கிறா. உலை வத்திப் பானையே வெடிச்சிருச்சு. நானும் சோலிக்குப் போயிட்டு வந்து எம்புட்டுத்தேன் பாக்குறது? பொம்பளப் புள்ள. நாளைக்கு இன்னொரு வீட்டுல போயி எப்பிடிப் பொழைக்கும்?"

"அடிப்பீங்களா?"

"நான் கை வச்சதில்ல. என் தம்பி வந்தா சொல்லுவேன். அவன் அடிப்பான்" என்றார். "இந்த ஞாயித்துக்கெழம வர்றான். கூட்டிட்டுப் போயிர்றேன்னு சொல்லி விட்டுருக்கான். மலையில காய் எடுக்கவாச்சும் பழகட்டும்னு."

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றேன்.

அவள் அப்பா ஒல்லியான மனிதர். அடுப்புச் சூட்டிலேயே நின்று நின்று முகம் கறுத்து, கண்ணோரம் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மகள் துணிப்பையை மடியில் வைத்துச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் பேசவே இல்லை.

"படிப்பு வராட்டிப் போகுது டீச்சர்" என்றார். "ஆனா வேணும்னே செய்யிற புள்ளைய ஊர்ல விட்டு வச்சா, எங்கக்காவுக்குத்தேன் பாரம். மேல கொண்டுபோயி என் கண்ணு முன்னால வச்சுக்கிர்றேன்."

வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். நம்பவில்லை. எத்தனை வாத்தியார்கள் அவரிடம் மாற்றிச் சொல்லியிருப்பார்கள்? நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே என் பேச்சு புத்தகம் போல ஆகிவிட்டதை நானே உணர்ந்தேன். அதனால் நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்து, "நாம வெளையாடுனத அப்பாவுக்குக் காட்டலாமா?" என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "உன்ன அடிக்க இல்லடா, அப்பாவுக்குப் புரியணும்ல" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

பென்சிலுக்குப் பதில் தரையில் விரலால் தட்டினோம். முதலில் அப்பாவுக்கு விதியை அவளையே சொல்லச் சொன்னேன். சொன்னாள். நான் ஒன்று தட்டினேன். அவளும் ஒன்று. அப்பா முகத்தில் கோபம் ஏறியது. "இப்பத்தான சொன்ன?" என்றார். அவள் திரும்ப விதியைச் சொல்லிக்கொண்டே என் தட்டைப் போலவே தட்டினாள். மறுபடி. மறுபடி. நான் நிறுத்தப் போனேன். அவள் நிறுத்தவில்லை. அப்பா எதிரில் ஒரு முறையாவது சரியாகத் தட்டிக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு. வலது கையைத் தொடைக்குக் கீழே அமுக்கி வைத்துக்கொண்டு இடது கையால் முயன்றாள். அதுவும் என் கை பின்னாலேயே போனது. மூக்கில் நீர் ஒழுக, "ரெண்டு அப்பா, ரெண்டு தட்டணும், எனக்குத் தெரியும்" என்று அழுதாள்.

அவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் குந்தினார். அவள் கையைப் பிடித்து மூடினார். அந்தக் கையை அப்படியே தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளும் வேணும்னு செய்யலையா டீச்சர்?"

"இல்லண்ணே."

அவர் மகளின் கையை விடவில்லை. அத்தைதான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். முழுப் பரீட்சை வரைக்கும் விட்டுவையுங்கள் என்று நான் கேட்டேன். "நீங்க சொன்னாச் சரி" என்றார் அவள் அப்பா. சாயங்கால ஜீப்புக்கு அவர் தனியாகவே கிளம்பினார். அவள் தெருமுனை வரைக்கும் கூடப் போனாள். திரும்பி வரும்போது பேசிக்கொண்டே வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒன்று பிடிபட்டது. அப்பா போன பிறகு, அவள் மனசு ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் வேறு மாதிரி விளையாடினோம். தட்டுவதற்கு முன்னால் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லி முடித்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும் என்றேன். நான் ஒன்று தட்டினேன். "ரெண்டு" என்று உரக்கச் சொன்னாள். ஒரு நொடி நின்றாள். இரண்டு தட்டினாள். நான் இரண்டு தட்டினேன். "ஒண்ணு." ஒன்று தட்டினாள். மனசுக்குள் இருந்தபோது கையை நிறுத்த முடியாத சொல், வாய்க்கு வெளியே வந்ததும் நிறுத்தியது. அவளிடம் வலுவாக இருந்தது பேச்சு. அதையே பிடிமானமாக வைத்துக் கையை நடத்தலாம் என்று பட்டது.

மறுநாள் தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, என்ன செய்யணும்?" என்றார்.

"கணக்குப் போடும்போது அவ ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போடட்டும் சார். ஒரு தடவைக்கு ஒரு கணக்கு மட்டும் குடுங்க."

"வாய்விட்டா? என் கிளாஸ் என்ன சந்தையாம்மா?"

அவர் கவலை நியாயமானதுதான். அவர் வகுப்பில் ஒரு பெஞ்சுக்கு ஐந்தாறு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முணுமுணுத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? முதல் வாரம் அவர் பயந்தபடியே நடந்தது. "கடன் வாங்குறேன், வாங்கிட்டேன், இப்ப அங்க ஒண்ணு கொறைக்கிறேன்" என்று அவள் சொல்லச் சொல்ல, பையன்கள் "எனக்கும் கடன் குடு" என்று கூவினார்கள். அவள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். கணக்கு மறுபடி தலைகீழானது. தலைமையாசிரியர் அவளைக் கதவோரத்துக்கு மாற்றினார். அவரே சின்னத் தாள் துண்டுகளில் ஒரு துண்டுக்கு ஒரு கணக்காக எழுதி, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று கொடுக்க ஆரம்பித்தார். இது நான் சொல்லித் தராதது. எப்போது எழுதினார் என்றும் தெரியாது. காலையில் வரும்போதே சட்டைப் பையில் வைத்திருப்பார்.

வீட்டில் அத்தையும் முயன்றார். மூன்று வேலையைச் சேர்த்துச் சொல்லாமல் ஒன்று முடிந்த பிறகு ஒன்று சொன்னார். அலுப்பான நாட்களில் அவருக்கும் பொறுமை போய்விடும். "ஒண்ணொண்ணாச் சொல்லிக்கிட்டு நிக்கிறதுக்கு நானே வெரசாச் செஞ்சிருவேன் டீச்சர்" என்பார். அது உண்மையும்கூட. ஒரு நாள் அவள் பால் வாங்கப் போகும் வழியில், "தூக்குச்சட்டி கையில, தூக்குச்சட்டி கையில" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே போய்ச் சட்டியோடு திரும்பினாள். ஆனால் பால் வாங்க மறந்துவிட்டாள். அதை அத்தை என்னிடம் சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் இதற்குச் சிரித்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

முழுப் பரீட்சை வந்தது. பரீட்சை அறையில் வாய் திறக்கக் கூடாது. தலைமையாசிரியர் இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தார். கணக்குப் பரீட்சையன்று காலையில் வராண்டாவின் கடைசியில் ஒரு பெஞ்சைப் போட்டு, அவளை அங்கே தனியாக உட்கார வைத்தார். மற்ற பிள்ளைகள் ஏன் என்று கேட்டதற்கு, "அவளுக்கு இருமல். உங்களுக்கு ஒட்டிக்கிரும்" என்று சொல்லிவிட்டார். என் மூன்றாம் வகுப்பு அந்த வராண்டாவைப் பார்த்தாற்போல இருந்தது. பிள்ளைகளுக்கு எழுத வேலை கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தாளைக் கையால் மறைத்து ஒரு கணக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு, யாரோடோ சண்டை போடுவது போலப் பேசிப் பேசி எழுதினாள். நடுவில் ஒரு காக்கா வந்து திண்டில் உட்கார்ந்தது. பேச்சு நின்றது. போச்சு என்று நினைத்தேன். "அப்பறம் பாத்துக்கிர்றேன் ஒன்ன" என்று காக்காவிடம் சொல்லிவிட்டுத் தாளுக்குத் திரும்பினாள்.

எல்லாக் கணக்கையும் முடிக்கவில்லை. முடித்தவரைக்கும் பெரும்பாலும் சரி. மணி அடித்ததும் வெளியே ஓடிவந்து, தனக்கு இருமலெல்லாம் இல்லை, பேசிக்கொண்டே எழுதத்தான் சார் தனியாக உட்கார வைத்தார் என்று அவளே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். ஆறாம் வகுப்புக்குத் தேறிவிட்டாள்.

இதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஆகவில்லை. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு ஒரு டீச்சர். அவர்களில் யாருக்கு நான் போய் எதைச் சொல்ல? ஒருவர் கேட்டார், இன்னொருவர் கேட்கவில்லை. பெரிய பெண்ணானதும் வாய்விட்டுப் பேச அவளுக்கே கூச்சம் வந்தது. உதட்டை மட்டும் அசைத்துப் பழகிக்கொண்டாள். அது பாதிதான் உதவியது. ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை தங்கிப்போனாள். பத்தாவதில் தமிழில் பள்ளியிலேயே முதல் மார்க், கணக்கில் பெயில். மறுபடி எழுதியும் கணக்கு வரவில்லை. அத்தையோடு கிட்டங்கிக்குக் காய் பொறுக்கப் போனாள். அந்த வேலையில் கண்ணும் கையும் ஒரே நிதானத்தில் ஓட வேண்டும். அவளுக்கு அது சரிப்படவில்லை. நாலைந்து மாதத்தில் நின்றுவிட்டாள்.

எனக்கும் அந்தத் தகரப் பெட்டிக்கும் வேலை கூடிவிட்டிருந்தது. தலைமையாசிரியர் மற்றப் பள்ளிகளிலும் சொல்லிவைத்திருந்தார். சனிக்கிழமைகளில் பொட்டிபுரத்திலிருந்தும் குரங்கணியிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சிலருக்குக் காது கேட்கவில்லை. சிலருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. சிலருக்குக் காலைச் சாப்பாடு இல்லை. எனக்கு விளங்காமலே திருப்பி அனுப்பிய பிள்ளைகளும் உண்டு. அவர்கள் முகங்களை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் எனக்குத் தேனிக்கு மாற்றலாகியிருந்தது. ஒரு கல்யாணத்துக்காகப் போடிக்கு வந்தபோது, பஸ் ஸ்டாண்டில் "டீச்சர்!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்தது. கல்யாணமாகிவிட்டிருந்தது. போடிமெட்டு ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிறவர் மாப்பிள்ளை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டாயிற்று என்று சொன்னாலும் விடுவதாக இல்லை.

இரண்டு அறை உள்ள சின்ன வீடு. என்னைப் பாயில் உட்கார வைத்துவிட்டு அடுப்பில் கத்தரிக்காய் வெஞ்சனத்தைப் போட்டாள். கிளறிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். போன மாதம் மெட்டுக்குப் போகும் வழியில், ஒரு வளைவில் அவள் ஏறியிருந்த ஜீப்புக்கு எதிரில் ஒற்றை யானை வந்து நின்றதாம். யானை தும்பிக்கையை எப்படித் தூக்கியது என்று காட்டுவதற்காகக் கரண்டியோடு எழுந்து வந்துவிட்டாள். தீய்ந்த வாசம் வந்தது. நான் அடுப்பைப் பார்த்தேன். அதற்குள் அவள் கணவர் உள் அறையிலிருந்து வந்து சட்டியை இறக்கி வைத்தார். முகத்தில் எரிச்சல் இல்லை.

"இவ பேச ஆரம்பிச்சா அடுப்ப நான் பாத்துக்கிருவேன் டீச்சர்" என்றார். "மத்ததுல சண்டை போடுவோம். இதுல சண்டையில்ல. கல்யாணம் பேசுறப்பவே சொல்லிட்டா, எனக்கு வாய் ஒரு பக்கம் போனா கை நின்னுரும், நீங்கதான் அனுசரிக்கணும்னு."

"நீயே சொன்னியா?" என்றேன் அவளிடம்.

"பின்ன? அப்பறமாத் தெரிஞ்சு திமிர்னு சொல்லிறக் கூடாதுல்ல டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டு யானையிடம் திரும்பிப் போனாள்.

அவர் கருகியதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நன்றாக இருந்ததை எனக்கு எடுத்து வைத்தார். வயிறு நிறைந்திருந்தும் சாப்பிட்டேன். அவள் ஜீப்புக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக என்ன சொன்னார்கள் என்று அவரவர் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.